பாசறையிற் காத்திருத்தல்: முல்லைத்திணைப் பாடல்களிற் போர்வீரனின் நாள்வாழ்வு

முல்லைத்திணையின் உரிப்பொருள் இருத்தல் என்பது தமிழிலக்கியம் பயில்வோர் யாவரும் அறிந்ததே. ஆயினும் இருத்தல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது தலைவியின் உருவமே. கார்காலம் தொடங்குமுன் மீள்வேன் என்று கூறிச் சென்ற தலைவனின் சொல்லைத் தேறி, மழையையும் மாலையையும் மலரையும் கண்டு வருந்தி, ஆற்றியிருக்கும் மனைவியே அத்திணையின் மையம் எனக் கொண்டு நாம் அப்பாடல்களைப் படித்து வந்துள்ளோம். அவ்வாறு படித்தல் பிழையன்று. எனினும் முல்லைப் பாடல்களில் இருத்தலுக்கு இரண்டு களங்கள் உள. ஒன்று இல்லம், மற்றையது பாசறை. இல்லத்தில் இருப்பவளின் நிலை விரிவாக ஆராயப்பட்ட அளவுக்குப் பாசறையில் இருப்பவனின் நிலை ஆராயப்பட்டிலது.

பாசறை பற்றிய செய்திகள் எடுத்துரைக்கப்படாமலில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் 'தமிழர் சால்பு' (1954) முதலாகச் சங்ககால வாழ்வியலை ஆராய்ந்த நூல்கள் பல, அக்காலப் படை, போர்முறை, அரண் ஆகியவற்றைப் பாடல்களிலிருந்து திரட்டித் தந்துள்ளன. ஆனால் அத்தகைய திரட்டுகளிற் பாசறை போர்முறையின் ஓர் உறுப்பாகவே இடம்பெறும். போர் நிகழாத பொழுதிற் பாசறையில் என்ன நிகழ்கின்றது, அங்குக் காத்திருப்பவன் யார், அவனது காத்திருப்பை முடித்துவைக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் வினாக்கள் இலக்கியத் திறனாய்வுக்கு உரியவை. இவ்வினாக்களை முன்வைத்து ஐங்குறுநூறு, அகநானூறு ஆகிய தொகைநூல்களின் பாசறைப் பாடல்கள் சிலவற்றையும், பத்துப்பாட்டினுள் முல்லைப்பாட்டு, நெடுநல்வாடை என்னும் இரண்டினையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கண மரபிற் பாசறை

தொல்காப்பியம் முல்லைக்குப் புறனாக வஞ்சியைக் கூறும். வஞ்சியாவது மண்ணாசை கொண்ட வேந்தன்மீது மற்றொரு வேந்தன் படையெடுத்துச் செல்வது. இல்லிருத்தலாகிய மென்மையான ஒழுக்கத்துக்கும் படையெடுப்பாகிய வன்மையான தொழிலுக்கும் இடையே என்ன உறவு என்பது மாணவர் உள்ளத்தில் எழும் இயல்பான வினாவாகும். காடும் கார்காலமும் பிரிவும் இரண்டுக்கும் பொதுவாதலை உரையாளர் சுட்டுவர். இவ்வொப்புமையைச் சிறிது நீட்டி நோக்கின், ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்களே முல்லையும் வஞ்சியும் என்பது புலனாகும். ஒருத்தி வீட்டில் இருப்பதற்குக் காரணம் ஒருவன் பாசறையில் இருப்பது. முல்லையின் அமைதி வஞ்சியின் ஆரவாரத்தால் உண்டாக்கப்பட்ட அமைதியே.

கற்பியலில் மற்றொரு விதி வருகின்றது. பாசறையிடத்துத் தலைவர் பெண்ணொடு கூடியிரார் எனத் தொல்காப்பியர் விதிப்பர். அதனை அடுத்தே, புறத்தோர்க்கு அது பொருந்தும் என்றும் கூறுவர். இவ்விதியினால் இல்லமும் பாசறையும் ஒன்றையொன்று விலக்கும் இரு வெளிகளாகின்றன. பாசறை என்பது வீடு இல்லாத இடம் என்னும் கருத்து இலக்கண நிலையிலேயே நிறுவப்பட்டுவிடுகின்றது. வாகைத் திணையிற் கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என இருவகைப் பாசறைகள் கூறப்படுதலும் ஈண்டு மனங்கொளத்தக்கது. பருவத்தாற் பாசறையைப் பகுத்தது, வெயிலும் வாடையும் அங்கு இருப்போர்க்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை மரபு உணர்ந்திருந்ததற்குச் சான்றாகும்.

பிரிவின் காரணங்களை வகுக்கும் இறையனார் களவியல், வேந்தற்குற்றுழிப் பிரிவு என ஒன்றைத் தனியே எடுத்துக் கூறும். வேந்தனுக்கு ஓர் இடர் நேர்ந்தவிடத்து அவனுக்குத் துணையாகச் செல்லும் பிரிவு அது. எனவே அகப்பாடல்களிற் பாசறையில் இருக்கும் தலைவன் எல்லா இடத்தும் வேந்தன் அல்லன். பல பாடல்களில் அவன் வேந்தனுக்குக் கீழ்ப்பட்டுத் தொழில் செய்பவன். இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் பாசறைப் பாடல்களைப் புரிந்துகொள்ளுதற்கு இதுவே திறவுகோல் எனலாம்.

2. வேந்தன் சினமும் வீரன் நாட்களும்

ஐங்குறுநூற்றின் ஐந்தாம் நூறு பேயனார் பாடிய முல்லை. அதனுள் 441 முதல் 450 வரையுள்ள பத்துப் பாடல்கள் பாசறைப் பத்து எனப் பெயர் பெறும். மிகச் சிறிய பாடல்களாகிய இவற்றில் வாட்போர் வருணனை இல்லை. பகைவர் நாடு எரிந்த செய்தி இல்லை. தலைவனின் வீரம் பற்றிய புகழ்ச்சியும் இல்லை. திரும்பத் திரும்ப வருவது ஒரே செய்திதான்: வேந்தனின் சினம் தணியுமாயின் நான் வீடு செல்வேன். வேந்தன் பகை தணிந்து தன் நாட்டை நோக்கித் திரும்புக என வேண்டுவதாகப் பத்தின் இறுதிப் பாடல் அமைகின்றது. வெற்றி வேண்டும் என்பதிலும் மீளவேண்டும் என்பதே அங்கு முன்னிற்கும் விருப்பம்.

448ஆம் பாடல் இவ்வகையிற் கூர்ந்து நோக்கத்தக்கது. காலையில் முரசு முழங்குகின்றது. சினம் மிக்க வேந்தன் போர்த்தொழிலை எதிர்கொள்கின்றான். முல்லை பூக்க, மழை கார்காலத்தை எதிர்கொள்கின்றது. அவளை நினையுந்தோறும் உறக்கமின்றிச் சுழலும் துன்பத்தை நாம் எதிர்கொள்கின்றோம். வேந்தன், மழை, வீரன் ஆகிய மூவர்க்கும் எதிர்தல் என்னும் ஒரே வினை ஆளப்படுகின்றது. மூவருள் முதலிருவர் தம் இயல்பின்படி செயலாற்றுகின்றனர். மூன்றாமவன் அச்செயல்களின் விளைவை ஏற்கின்றான். கார்காலம் வந்துவிட்டதென இயற்கை கூறுகின்றது. போர் முடியவில்லையென முரசு கூறுகின்றது. இவ்விரண்டு காலக்கணக்குகளுக்கும் இடையில் அகப்பட்டவன் வீரன். பாசறையின் நாள்வாழ்வை இதனினும் சுருக்கமாக உரைத்தல் அரிது.

அகநானூற்றிற் காட்சி விரிகின்றது. ஆவூர் மூலங்கிழார் பாடிய 24ஆம் பாடலில், தைத்திங்களின் குளிர்மழை ஓயும் காலத்திற் பாசறையின் நள்ளிரவு காட்டப்படுகின்றது. கோட்டைக் கதவுகளை முட்டி முனை மழுங்கிய கொம்புகளையுடைய யானையின் மணியொலியும், முரசின் ஒலியும், கேடயங்களில் அம்புகள் தைக்கும் ஓசையும் அவ்விரவிற் கலந்து கேட்கின்றன. உறையினுள் இடப்படாத வாள்கள் வீரர் தோளிற் கிடக்கின்றன. படை உறங்கவில்லை. இவ்வாறு காட்டி, அத்தகைய வேந்தனின் பாசறையில் யாம் உள்ளோம் எனத் தலைவன் முடிக்கின்றான். மதுரை எழுத்தாளன் பாடிய 84ஆம் பாடலும் இதே முடிபைக் கொண்டது. அங்குத் தடை இன்னும் வெளிப்படையானது. பகைவர் அரிய திறைப்பொருளைக் கொடுக்க முன்வந்தும் வேந்தன் அதனை ஏற்கவில்லை. சினம் மிக்குப் படையை மீண்டும் வினைமேற் செலுத்துகின்றான்.

திறை கொடுக்கப்பட்டால் போர் முடிந்தது என்பது அக்காலப் போரின் பொதுமுறை. அம்முறைப்படி அப்பாடலின் வீரன் வீடு திரும்பியிருத்தல் வேண்டும். அவனது காத்திருப்பு நீள்வதற்குப் பகைவன் காரணமல்லன். தன் வேந்தனின் சினமே காரணம். புலவர் இதனைக் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. அடைமொழியாகவே வைக்கின்றார். ஆனால் இலக்கணப்படி வேந்தனைச் சிறப்பிக்கும் அவ்வடைமொழி, பொருள்நிலையிற் பேசுவோனின் துயரத்துக்குக் காரணங்கூறும் தொடராகவும் நிற்கின்றது. புகழ்ச்சியின் வடிவத்துள் முறைப்பாடு ஒன்று அடங்கிக் கிடத்தலை இங்குக் காணலாம்.

பாசறையேம் எனத் தன்மைப் பன்மையால் இப்பாடல்கள் முடிதலும் கருதத்தக்கது. அகப்பாடற் றலைவன் தன்னைப் பன்மையாற் கூறுதல் வழக்கே. அதனை மட்டும் கொண்டு படைவீரர் அனைவரும் ஒருங்கே பேசுகின்றனர் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் 24ஆம் பாடலில் அச்சொல்லுக்கு முன் உறங்காத படை முழுவதும் காட்டப்படுகின்றது. அச்சூழலில் அப்பன்மை தன் வழக்கான எல்லையைக் கடந்து, உடனிருப்போரையும் ஓரளவு தழுவி ஒலிக்கின்றது என்று கொள்வது மிகையாகாது.

காத்திருப்பு முடிவுறும் கணத்தைக் காட்டும் பாடல்களும் உள. குடவாயிற் கீரத்தனார் பாடிய அகநானூறு 44இல், வேந்தன் வினையை முடித்துவிட்டான். பகைவர் திறை கொடுத்து நண்பராயினர். எதிர்நின்ற இரண்டு படைகளும் இனி ஒன்றே என முரசு அறைகின்றது. தலைவன் உடனே தேரை விரைந்து செலுத்தும்படி பாகனிடம் கூறுகின்றான். நேற்றுவரை எவருடன் போரிட்டு உயிர்விடத் துணிந்திருந்தானோ அவர்கள் இன்று ஒரே படையினர். இதனைத் தலைவன் வியக்கவுமில்லை, வினவவுமில்லை. அவன் உள்ளம் வழியிலே நிற்கின்றது. அகநானூறு 54இலும் புதிய மன்னர் திறை தர வேந்தன் பகை தணிகின்றான். தலைவன் மனத்தில் எழுவது, மகனுக்கு நிலவைக் காட்டி விளையாட்டுக் காட்டும் மனைவியின் தோற்றம். போர் யாருக்கு, எதற்கு என்னும் வினாக்கள் இப்பாடல்களில் எழுவதில்லை. அவை எழாமையே, வேந்தனின் போர் வீரனின் உள்ளத்தில் எவ்வளவு சிறிய இடத்தைப் பெற்றிருந்தது என்பதை உணர்த்துகின்றது.

இவற்றோடு புறநானூறு 31ஐ ஒப்பிடுதல் பயன்தரும். கோவூர்கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது அது. புகழை வேட்டு நீ பாசறையன்றி வேறிடத்து இருக்க விரும்பாய் எனப் புலவர் வேந்தனைப் போற்றுகின்றார். அவன் வீரர்களைப் பற்றிக் கூறுமிடத்து, இடையே காடுகள் கிடக்கின்றன, அந்நாடு மிகத் தொலைவிலுள்ளது, யாம் செல்லமாட்டோம் என்று அவர்கள் கூறார் என்கின்றார். புறப்பாட்டில் வீரன் என்ன சொல்லவில்லை என்பதைப் புலவர் கூறுகின்றார். அகப்பாட்டில் வீரனே பேசுகின்றான். இரண்டும் ஒரே சமுதாயத்தில், ஒரே புலவர் மரபில் எழுந்தவை. புறப்பாடல்களை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பண்டைத் தமிழர் யாவரும் போரையே வாழ்வின் இன்பமாகக் கருதினர் என மேடைகளிலும் நூல்களிலும் கூறுவோர் உளர். அவர்கள் வேந்தன் கேட்க விரும்பிய செய்தியையே வரலாறாகக் கொள்கின்றனர். போர்வீரன் தன் தேர்ப்பாகனிடமும் தன் நெஞ்சிடமும் கூறியதை அதே மரபு பாதுகாத்துத் தந்திருக்கின்றது என்பதை அவர்கள் நோக்கவில்லை.

3. முல்லைப்பாட்டின் பாசறை

தொகைநூற் பாடல்கள் பாசறையில் இருப்பவனின் உள்ளத்தைக் காட்ட, நப்பூதனாரின் முல்லைப்பாட்டு பாசறையையே காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் என அறியப்படும் இப்புலவர் பாடிய இப்பாட்டு 103 அடிகளையுடையது. பத்துப்பாட்டினுள் மிகச் சிறியது. உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை வெளியிட்டதன் பயனாக இது அச்சுருவிற் பரவியது. உரையாசிரியர் அடிகளைப் பிரித்துக் கூட்டிப் பொருள்கொண்ட முறையை மறைமலையடிகள் தமது முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் (1903) மறுத்து, பாட்டை அதன் இயல்பான ஒழுங்கிலேயே படிக்கவேண்டுமென வற்புறுத்தினார். இக்கட்டுரையும் அவ்வொழுங்கையே தழுவுகின்றது. ஏனெனில் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பாட்டு எப்பொழுது நகர்கின்றது என்பதே இங்கு முதன்மையானது.

பாட்டு ஊரிலே தொடங்குகின்றது. மழை பெய்த மாலையில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவித் தொழுது விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றிடம், உன் தாயர் இப்பொழுதே வருவர் என ஆய்மகள் கூறுவது அவர்கள் செவியில் விழுகின்றது. அதனை நற்சொல்லாகக் கொண்டு தலைவியைத் தேற்றுகின்றனர். அவள் கண்ணீர் ஓயவில்லை. இவ்விடத்திற் பாட்டு பாசறைக்குத் தாவுகின்றது.

பாசறை முதலில் ஓர் உழைப்பின் விளைவாகவே காட்டப்படுகின்றது. காட்டாற்றை அடுத்த முல்லைநிலத்திற் பிடவம் முதலிய புதர்கள் வெட்டப்பட்டுள்ளன. வேட்டுவரின் சிறு அரண்கள் அழிக்கப்பட்டுள்ளன. முள்ளால் வேலி இடப்பட்டுள்ளது. கடல்போற் பரந்த அவ்விடத்திற் றழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. முல்லைத்திணை இல்லத்துக்கு உரிய நிலமாகப் போற்றும் காட்டை, படை தன் தேவைக்காக வெட்டித் திருத்தியிருக்கின்றது. அழிக்கப்பட்ட வேட்டுவர் அரண்கள் பற்றிப் பாட்டு ஒரு தொடருக்கு மேற் கூறவில்லை. ஆயினும் பாசறை எழுந்த இடம் வெற்றிடமன்று, அங்கு முன்பு எவரோ இருந்தனர் என்ற செய்தி மறைக்கப்படவுமில்லை.

தெருக்கள் கூடும் முற்றத்திற் காவல்யானை நிற்கின்றது. கரும்பும் நெற்கதிரும் தழையும் முன்னே கிடக்கவும் அது உண்ணவில்லை. அவற்றால் நெற்றியைத் துடைத்துக்கொள்கின்றது. கல்வியறியாத இளைஞர் வடமொழிச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கூறி, அங்குசத்தாற் குத்தி, கவளத்தை உண்ணச்செய்ய முயல்கின்றனர். இக்காட்சி முழுவதும் போர் இல்லாத நேரத்துப் பாசறையின் அன்றாட வேலை. யானைப்பாகரின் தொழில்மொழி வேறொரு மொழியாக இருந்ததும், அதனைக் கல்லாத இளைஞர் காதாற் கேட்டுப் பழகிப் பயன்படுத்தியதும் இதனால் அறியப்படும். உண்ண மறுக்கும் விலங்கும் உண்ணச்செய்ய வேண்டிய கடமையுடைய இளைஞனும் எதிரெதிரே நிற்கும் இக்காட்சியில், வீரப்புகழுக்கு இடமில்லை. சலிப்புக்கும் பொறுமைக்கும் இடமுண்டு.

அடுத்துப் படைக்கலங்கள். போரிற் புறங்கொடாத விற்கள் நிலத்தில் ஊன்றப்பட்டு, அவற்றில் அம்புக்கூடுகள் தொங்குகின்றன. இதற்குப் புலவர் கூறும் உவமை, துவராடையை முக்கோலில் இட்டுவைத்த தவவொழுக்கமுடைய அந்தணன். கொல்லும் கருவி துறவியின் கோலுக்கு ஒப்பாவது எவ்வாறு என எண்ணத் தோன்றும். உவமை வடிவ ஒற்றுமை கருதியது என்பதில் ஐயமில்லை. எனினும் இல்லறத்தை விட்டுத் தனித்திருத்தல் என்னும் ஒற்றுமையும் அதனுள் உண்டு. பாசறையில் இருப்பவன், தான் விரும்பாமலே, சில காலம் துறவியாக்கப்பட்டவன்.

வில்லும் வேலும் கேடயமும் நட்டுக் கட்டிய அரணின் நடுவே, நெடிய கோல்களில் வண்ணத்திரை வளைத்த வேந்தனின் இருக்கை அமைந்துள்ளது. அங்குப் பணிபுரிவோரை நப்பூதனார் வரிசையாகக் காட்டுகின்றார். கச்சிற் குறுவாள் கட்டிய இளமகளிர், நெய் வார்க்கும் கருவியும் திரியும் ஏந்தி, விளக்குகள் அவியுந்தோறும் மீண்டும் ஏற்றுகின்றனர். மெய்காப்பாளர், காற்றில் அசையும் பூங்கொடிபோல் உறக்கத்தில் அசைந்தும் உறங்காமற் சுற்றி வருகின்றனர். பொழுதை அளந்தறிவோர் வேந்தனை வாழ்த்தி, நாழிகைக் கன்னலிற் கழிந்த நேரத்தை அறிவிக்கின்றனர். சட்டையணிந்த வலிய உடலுடைய யவனர் புலிச்சங்கிலி தூங்கும் உள்ளறையை அமைத்து விளக்கேற்றியுள்ளனர். நாவாற் பேசாது உடலசைவாற் கருத்தறிவிக்கும் மிலேச்சர் பள்ளியறையின் அருகே காவல் நிற்கின்றனர்.

இவ்வரிசையில் மூன்று செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, பாசறையிற் பெண் இல்லை எனும் கற்பியல் விதி பணிப்பெண்டிரைத் தடுக்கவில்லை. அங்கு இல்லாதவள் மனைவி மாத்திரமே. இரண்டாவது, வேந்தனுக்கு மிக அண்மையில் நிற்போர் அவனது மொழி பேசாதோர். படிப்படியாக உட்செல்லும் பாட்டு, தமிழ் பேசும் வாயிற்புறத்திலிருந்து பேச்சே அற்ற உள்ளறையைச் சென்றடைகின்றது. மூன்றாவது, காலம் அங்கு அளக்கப்படுகின்றது. வீட்டிலிருப்பவளுக்கு மலரும் மழையும் காலத்தை அறிவிக்கின்றன. பாசறையில் நீர்க்கருவியும் அதனை நோக்கியிருக்கும் தொழிலாளரும் அறிவிக்கின்றனர். உறங்காதவனுக்கு நாழிகை தோறும் நேரம் கூறப்படுதல் ஆறுதலாகவன்றிச் சுமையாகவே இருந்திருத்தல் கூடும்.

4. உறங்காத வேந்தன்

இத்தனைக் காவலுக்கும் நடுவே வேந்தன் உறங்கவில்லை. வேல் பாய்ந்த புண்ணின் மிகுதியாற் பிடியை மறந்த களிற்றையும், துதிக்கை வெட்டுண்டு பாம்புபோற் றுடித்த யானைகளையும் அவன் நினைக்கின்றான். உண்ட சோற்றுக்குக் கடன் தீர்த்து இறந்த வீரரை நினைக்கின்றான். அம்பு தைத்துச் செவி சாய்த்து உண்ணாமல் வருந்தும் குதிரைகளை நினைக்கின்றான். ஒரு கை படுக்கையில் ஊன்றியிருக்க, மறு கை தலையைத் தாங்கியிருக்கின்றது. அதன்பின் பாட்டு பகைவரை வென்று இனிய துயில் கொள்ளும் வேந்தனைக் கூறி, அவனைக் காணாது வருந்தும் தலைவியிடம் மீள்கின்றது. உறக்கமின்மைக்கும் உறக்கத்துக்கும் இடையே நிகழ்ந்திருக்க வேண்டிய போர்நாள் பாட்டில் இல்லை. சில சொற்களில் அது கடக்கப்படுகின்றது. போருக்கு முந்திய இரவும் பிந்திய இரவுமே புலவருக்கு வேண்டியிருந்தன.

வேந்தன் மனைவியை நினைத்ததாகப் பாட்டு கூறவில்லை என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஆயினும் பிடியை மறந்த களிறு என்னும் நினைவில் அவனது மறதியே அவனுக்குக் காட்டப்படுகின்றது எனலாம். காவல்யானை உண்ணவில்லை, புண்பட்ட குதிரை உண்ணவில்லை, ஊரிலே கன்று தாய்ப்பாலுக்குக் காத்து நடுங்குகின்றது. மனிதர் கூறாததை விலங்குகள் வாயிலாகப் பாட்டு கூறிச்செல்கின்றது.

தொகைநூற் பாடல்களோடு ஒப்பிடுமிடத்து இங்கு ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. அங்கு வீடு செல்ல விரும்புபவன் ஒருவன். அவனைத் தடுக்கும் சினமுடையவன் மற்றொருவன். முல்லைப்பாட்டில் இருவரும் ஒருவராகின்றனர். வேந்தனே தலைவன், அவனே காத்திருக்கச் செய்பவன், அவனே காத்திருப்பவன். இதனால் இருவரிடையே இருந்த முரண்பாடு ஒருவனின் உள்ளத்துள் அடங்கிவிடுகின்றது. பாட்டு உளவியல் நுட்பம் பெற்றது இதன் பயன். அதற்கு ஈடாக இழக்கப்பட்டதும் ஒன்றுண்டு. அகநானூறு 24இல் உறங்காமலிருந்து பேசிய வீரன், முல்லைப்பாட்டில் உறங்காமலிருந்தும் பேசாத மெய்காப்பாளனாகிவிடுகின்றான். அவனுக்கும் ஓர் இல்லம் இருந்திருக்கும்; அங்கு ஒருத்தி விரிச்சி கேட்டிருப்பாள். அவ்வில்லத்துக்குப் பாட்டு செல்லவில்லை. இறந்த வீரரும் வேந்தனின் நினைவிலேதான் வருகின்றனர்; சோற்றுக்கடன் தீர்த்தவர் என்ற அளவில் அவர் வரலாறு முடிகின்றது.

நக்கீரரின் நெடுநல்வாடை இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றது. 188 அடிகளையுடைய அப்பாட்டின் இறுதிப்பகுதி வாடை வீசும் நள்ளிரவில் நிகழ்கின்றது. விளக்குகளின் சுடர் வாடையால் தெற்கே சாய்கின்றது. வேப்பந்தழை கட்டிய வேலை ஏந்தி முன்னே செல்லும் படைத்தலைவன், புண்பட்டோரை முறையாகக் காட்டிச் செல்கின்றான். சேணம் களையப்படாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று உடலிற்பட்ட மழைத்துளிகளை உதறுகின்றன. வேந்தன், நழுவும் மேலாடையை இடக்கையாற் பற்றி, வாளேந்திய இளைஞனின் தோளில் மறுகையை வைத்து, சிலரோடு திரிகின்றான். முல்லைப்பாட்டின் வேந்தன் அறையினுள் இருந்து வீரரை நினைத்தான். நெடுநல்வாடையின் வேந்தன் மழையில் நடந்து அவர்களைக் காண்கின்றான். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூவாதலால் தலைவன் சுட்டப்பட்டான் என்றும், ஆகவே பாட்டு புறம் ஆயிற்று என்றும் உரையாசிரியர் கொள்வர். அவ்வேம்பினைக் கட்டிய வேல் சுட்டுவது புண்பட்ட வீரரை என்பதும் உடன் நோக்கப்படல் வேண்டும். எனினும் அங்கும் அவர்கள் காட்டப்படுகின்றனரேயன்றிப் பேசவில்லை.

5. மாற்றத்தின் காரணங்கள்

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது? சங்கப்பாடல்களை வீரநிலைக் காலக் கவிதைகளாகக் கொண்டு பேராசிரியர் க. கைலாசபதி ஆராய்ந்த ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. திணைக்கோட்பாட்டின் சமூக, பொருளாதார அடிப்படைகளைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியான கட்டுரையொன்றில் விளக்கினார். இவ்வாய்வுகள் காட்டிய வழியிற் சென்றால், சிறுகுழுத் தலைவர்களின் நிலையிலிருந்து வேந்தராட்சி வலுப்பெற்ற நிலைக்குச் சமுதாயம் சென்றமையோடு பாசறைச் சித்திரமும் மாறியது எனக் கருத இடமுண்டு. வேற்றுநாட்டுக் காவலர், தொழில்முறை நேரங்கணிப்போர், தெருவமைந்த குடில்கள் ஆகியன அமைப்புற்ற பெரும்படைக்கு உரியன. அத்தகைய படையில் வீரனுக்கும் வேந்தனுக்கும் இடையிலுள்ள தொலைவும் பெரிது.

ஆயினும் இவ்விளக்கத்தை அளவுகடந்து கொண்டுசெல்லல் ஆகாது. குறும்பாடலில் ஒருவரின் கூற்று மாத்திரமே இடம்பெறும். நெடும்பாட்டில் வருணனைக்கு இடமுண்டு. வீரனின் குரல் மறைந்தமைக்குப் பாட்டின் வடிவமும் ஒரு காரணமாகும். மேலும், மரபுவழிப்பட்ட கவிதையில் வரும் பாசறையை வரலாற்றுப் பாசறையின் நேரான படமாகக் கொள்ளுதல் இயலாது. புலவர் காட்டியது பாசறையைப் பற்றித் தம் அவையோர் நம்பத்தக்கதெனக் கருதிய ஒரு சித்திரமே. எனினும் உண்ண மறுக்கும் யானையையும் உறக்கத்தில் அசையும் காவலனையும் நம்பத்தக்கதாகக் கருதிய அவையோர், பாசறை வாழ்வின் சுமையை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

6. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, முல்லைத்திணையின் இருத்தல் தலைவிக்கு மாத்திரம் உரியதன்று. பாசறையிலிருப்பவனுக்கும் அது உரியது. தலைவியின் இருத்தல் கற்பு எனப் போற்றப்பட்டது. வீரனின் இருத்தல் கடமை எனக் கொள்ளப்பட்டது. இரண்டையும் நீட்டிப்பதும் முடிப்பதும் வேந்தனின் சினமே. ஐங்குறுநூறும் அகநானூறும் இதனை வீரன் வாயிலாகவே கூறின. முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் பாசறையின் உழைப்பையும் புண்ணையும் விளக்கொளியிற் காட்டின. ஆனால் பேச்சை வேந்தனின் மௌனத்துக்கு விட்டுக்கொடுத்தன.

முல்லைப்பாட்டின் முடிவில், மழைநீர் சொரியும் ஓசையினூடே தலைவியின் செவியில் வயிரும் சங்கும் ஒலிக்கின்றன. காயாவும் கொன்றையும் காந்தளும் மலர்ந்த காட்டுவழியே தேர்க்குதிரைகள் வருகின்றன. பாட்டு அவ்வொலியோடு நிற்கின்றது. அத்தேரின் பின்னே நடந்து வந்தோர் எத்தனை இல்லங்களுக்குச் சென்றனர், எத்தனை இல்லங்களுக்கு எவரும் செல்லவில்லை என்பதைப் பாட்டு கணக்கிடவில்லை. அக்கணக்கைக் கேட்பது பாட்டின் மீது குறைகாண்பதாகாது. பாசறைப் பத்தின் வீரன் தன் வாயாற் கூறியவற்றை நினைவிற்கொண்டு முல்லைப்பாட்டைப் படிப்போர்க்கு அவ்வினா எழாமல் இராது. இவ்விருவகைப் பாடல்களையும் சேர்த்துப் பயிலும்போதே பண்டைத் தமிழிலக்கியம் போரைப் பற்றி முழுமையாக என்ன கூறியது என்பது விளங்கும்.